ஏழேகால் மணிக் குரல்

[கறுப்புத் திரை. நேரம் சொல்லும் ‘பிப் பிப்’ ஒலி. பிறகு ஒரு நொடி மௌனம்.]

இந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று உங்கள் வாய் தானாகவே சொல்லிவிட்டதா? அப்படியென்றால் உங்கள் வயது எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி.”

2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. சரோஜ் நாராயணஸ்வாமி மும்பையில் காலமானார். வயது 87. டெல்லி வானொலியில் சுமார் 35 ஆண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்தவர். அவர் ஓய்வு பெற்றே பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றைக்கு முதலமைச்சரிடமிருந்து இரங்கல் வந்தது, பத்திரிகைகள் எழுதின, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்து தவிர வேறெதுவும் போடாத ஒரு சித்தப்பா நான்கு வரி எழுதினார். அதில் ஒரு வரி: “எங்க வீட்ல ஒருத்தர் போன மாதிரி இருக்கு.”

சித்தப்பா அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. எழுபது, எண்பதுகளில் ரேடியோ கேட்ட பெரும்பாலானவர்களுக்கு அவர் முகமே தெரியாது. பின் எப்படி அவர் ‘எங்க வீட்ல ஒருத்தர்’ ஆனார்? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: தோல் உறை போட்ட பழைய டிரான்சிஸ்டர். உறையின் முன்பக்கம் வரிசையாகத் துளைகள்.]

இதற்கு ஆய்வு உலகில் ஒரு பெயர் உண்டு. 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் வரும் ஒருவரோடு நமக்கு ஒரு பழக்கம் உண்டாகிறது, நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது, ஆனாலும் அது பழக்கம்தான் என்றார்கள். பாராசோஷியல் என்று பெயர் வைத்தார்கள். ஒருவழிப் பழக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, நல்ல விளக்கம்தான். ஆனால் எனக்கு இது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. தினமும் கேட்ட குரல்கள் எத்தனையோ உண்டே! சோப்பு விளம்பரம் சொன்னவரும் தினமும்தான் வந்தார். அவருக்காக யார் அழுதார்கள்?

என் எண்ணம், செய்தி வாசித்தவர் ஒரு கடிகாரமாக இருந்தார் என்பது. காலை 7.15. அந்தக் காலத்து வீட்டில் ஏழேகால் செய்தி என்பது ஒரு எல்லைக்கோடு. “செய்தி வந்துடுச்சு, இன்னும் குளிக்கலையா?” என்று அம்மா சத்தம் போடுவார். முகம் மழிக்கிற அப்பா, தலைப்புச் செய்தி முடியும் வரை கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். செய்தி முடிந்தால் பள்ளிக்கூடப் பைக்குள் டிபன் பாக்ஸ் போக வேண்டும். கிராமத்தில் ரேடியோ இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். பஞ்சாயத்து ரேடியோ இருந்ததே! கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அதே குரலைத் தெருவெல்லாம் இறைத்தது. தபால் ஆபீசில் பணம் கட்டி ரேடியோ லைசன்ஸ் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே ஏழேகால்.

அவர் வாசித்த செய்திகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். யோசித்தார். வரவில்லை. ஆனால் செய்தி வந்தபோது திண்ணையில் எங்கே உட்கார்ந்திருந்தார், அவருடைய அப்பா எந்தப் பக்கம் நின்றார், அடுப்பில் என்ன கொதித்தது, எல்லாம் வந்தது.

[காட்சி: ஒரு வெள்ளைத்தாள். கையால் எழுதிய தமிழ் வரிகள், நடுவே அடித்தல்கள்.]

இப்போது அந்த வேலையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டெல்லியில் தமிழ்ப் பிரிவில் இருந்தவர்கள் வெறும் வாசிப்பாளர்கள் கிடையாது. பதவியின் பெயரே செய்தி வாசிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் என்பதுதான். மையச் செய்தி அறையிலிருந்து ஆங்கிலத்தில் தாள்கள் வரும். அதைத் தமிழாக்கி, நேரத்துக்குள் ஒலிபரப்பு அறைக்கு ஓட வேண்டும். அத்தனை மொழிப் பிரிவுக்கும் அதே தாள்தான்.

இதில் தமிழுக்கு ஒரு தனிக் கஷ்டம். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது முதல் நாலைந்து சொல்லிலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. நானே ஒரு வாக்கியம் செய்து காட்டுகிறேன்: “மூன்று நாள் பயணமாக வெளிநாடு சென்றுள்ள பிரதமர், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாநிலங்களுக்கு வழங்கப்படும் உதவியைக் குறைக்கும் எண்ணம் அரசுக்கு இல்லை என்று கூறியிருக்கிறார்.” பத்திரிகையில் இது பரவாயில்லை, கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காது திரும்பிப் போக முடியாது. உதவியைக் குறைக்கப் போகிறார்களா இல்லையா என்பது அந்த ‘இல்லை’ வரும்வரை தெரியாது. அதற்குள் கரகரப்பு வந்தால் போச்சு!

ஆகவே உடைக்க வேண்டும். “வறட்சி உதவி குறைக்கப்படாது என்று பிரதமர் கூறியிருக்கிறார். அவர் மூன்று நாள் பயணமாக வெளிநாடு சென்றிருக்கிறார்.” இப்படி உடைத்த வாக்கியத்தை எங்கே மூச்சு விட்டு வாசிப்பது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பது அடுத்த வித்தை. சரோஜ் நாராயணஸ்வாமியின் வாசிப்பில் அவசரமே இருக்காது. ஒவ்வொரு சொல்லும் தனியாக நின்று, அப்புறம் அடுத்ததற்கு வழிவிடும். இத்தனைக்கும் அவர் மும்பையில் வளர்ந்தவர், வங்கி வேலையிலிருந்து வானொலிக்கு வந்தவர். ‘ழ’கரத்தை ஊரிலேயே இருந்த நாங்கள் கோட்டைவிட்டோம்.

அந்தப் பெயரும் ஒரு விஷயம். ‘சரோஜா’ என்று நீட்டாமல் ‘சரோஜ்’ என்று வெட்டி நிறுத்தியது சின்ன வயதில் எனக்குப் பெரிய புதிர். இன்னொன்று, ‘வாசிப்பவர்’ என்று ஏன் சொல்லவில்லை, ‘வாசிப்பது’ அஃறிணை ஆயிற்றே என்று எங்கள் தமிழ் ஐயா ஒருமுறை சண்டைக்கு வந்தார். ஐயா மன்னிக்க வேண்டும். ‘கதவைத் தட்டுவது யார்?’ என்று நாம் கேட்பதில்லையா? அதே அமைப்புதான் இது. ‘வாசிப்பது’ என்று சொல்லிக் கொஞ்சம் காக்க வைத்துப் பெயரைக் கடைசியில் கொடுக்கிறது.

செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்வதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிபிசியில் முதலில் வாசிப்பவர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். 1940-ல், உலகப்போர் நேரத்தில்தான் சொல்ல ஆரம்பித்தார்கள். எதிரி நாட்டான் அதே அலைவரிசையில் புகுந்து பொய்ச் செய்தி வாசித்தால் கண்டுபிடிக்க வேண்டுமே! பெயரும் குரலும் பொருந்தினால் நம்பலாம். பெயர் என்பது ஒரு முத்திரை.

[காட்சி: மெதுவாக நகரும் அலைவரிசை முள்.]

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முத்திரை அவருடையதாக இருந்தாலும் கடிதம் அரசாங்கத்துடையது. அவர் பணியாற்றிய காலத்துக்குள் 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலை வருகிறது. அரசு என்ன கொடுத்ததோ அதைத்தான் வானொலி சொன்னது. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பிபிசி முந்திக்கொண்டது. நம் வானொலி அவர் இறந்ததை அதிகாரபூர்வமாகச் சொல்ல மாலை ஆகிவிட்டது. வானொலியும் தூர்தர்ஷனும் அமைச்சகத்தின் பிடியிலிருந்து பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்புக்குப் போனது 1997-ல்தான்.

கேட்டவர்களுக்கு இது தெரியாமலா இருந்தது? எங்கள் தாத்தாவுக்கு நன்றாகவே தெரியும். “கவர்மென்ட் ரேடியோ, அவன் சொல்றதைத்தான் சொல்லும்” என்பார். சொல்லிவிட்டு அதே மூச்சில், “அந்தம்மா படிச்சா தெளிவா இருக்கும்” என்பார். நிலையத்தையும் குரலையும் அவர் தனித்தனிக் கணக்கில் எழுதி வைத்திருந்தார். எந்தக் கட்சிக்கும் சாய்வு காட்டாமல், சந்தோஷத்தையும் துக்கத்தையும் ஒரே நிதானத்தில் வாசித்ததற்கான மரியாதை அந்த இரண்டாவது கணக்கில் வரவு.

அதே டெல்லி தமிழ்ப் பிரிவில் அவருக்கு முன்பே இருந்தவர் பூர்ணம் விஸ்வநாதன். 1947-ல் சுதந்திரம் வந்த செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்று சொல்லப்படுபவர். பின்னாளில் நாடகம், சினிமா என்று வந்ததால் அவருக்கு முகம் கிடைத்தது. 2008-ல் அவர் இறந்தபோது எல்லோரும் நடிகருக்குத்தான் அஞ்சலி செலுத்தினார்கள். குரலை நினைத்தவர்கள் வயதானவர்கள் மட்டும்.

தொலைக்காட்சி இந்தக் கணக்கை மாற்றியது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தூர்தர்ஷன் வந்தது. செய்தி வாசிப்பவர் நம் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சேலையையும் பொட்டையும் பார்ப்பதற்காகவே செய்தி பார்த்த வீடுகள் உண்டு. அது வேறு வகை நெருக்கம். முகம் தெரிந்தால் கற்பனைக்கு வேலை கிடையாது. ரேடியோவில் ஆளுக்கு ஒரு சரோஜ் நாராயணஸ்வாமி இருந்தார்.

[காட்சி: சமையலறை. மேடைமேல் ஒரு கைப்பேசி.]

அந்த சனிக்கிழமை நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா கை துடைத்துக்கொண்டு வந்தார். “ஐயோ” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “போட்டோ ஏதாவது போட்டிருக்கானா?” என்று கேட்டார்.

தேடி எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இவங்களா?” என்றார். “நான் நல்ல உயரமா நெனச்சிருந்தேன்டா.”

[திரை கறுப்பு. ‘பிப் பிப்’ ஒலி.]