லியர் மன்னனின் பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பெரிய நாடகத்தின் கடைசியில் வரும் சின்னப் பொத்தான் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நாடகம், ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மூன்று மகள்களில் யாருக்குத் தன்மீது பாசம் அதிகம் என்று கேட்டு, பதிலைப் பார்த்து நாட்டைப் பங்கு போடுகிறான் ஒரு கிழ அரசன். மூத்தவர்கள் இருவரும் தேனொழுகப் பேசி நாட்டை வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அவன் புயலில் நிற்க வேண்டியதாகிறது. புகழ்ந்து பேச வராத கடைக்குட்டி கார்டீலியாவை அவனே முதலில் விரட்டிவிட்டான். அப்பாவைக் காப்பாற்றப் படையோடு திரும்பி வருபவள் அவள்தான். வந்தவள் தோற்கிறாள்.

கடைசிக் காட்சியில், சிறையில் தூக்கிலிடப்பட்ட மகளைக் கைகளில் ஏந்திக்கொண்டு வருகிறான் லியர். வயது எண்பதைத் தாண்டியவன். நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உயிர் இருக்கும்போது உனக்கு ஏன் மூச்சே இல்லை என்று கேட்கிறான். பிறகு ‘நெவர்’, அதாவது ‘ஒருபோதும் இல்லை’ என்ற சொல்லை ஐந்து முறை சொல்கிறான். அந்த அடி முழுக்க அந்தச் சொல்தான். ஷேக்ஸ்பியரின் அடிகளில் பெரும்பாலும் மென்மையான அசை முன்னும் அழுத்தமான அசை பின்னும் வரும். ‘நெவர்’ அதற்கு நேர்மாறு. அடியின் நடை ஐந்து முறையும் இடறி விழுகிறது.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், மாட்டிக்கொள்வீர்கள். நம் மொழியில் மறுப்பு வினையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது: வரமாட்டாய், வரவே மாட்டாய். ‘ஒருபோதும்’ என்று தனியே நிறுத்தினால் வாக்கியம் பாதியில் தொங்கும். வகுப்பில் நான் ‘வரமாட்டாய்’ என்பதையே ஐந்து முறை சொல்லிச் சமாளிப்பேன். பொருள் வந்துவிடும், அந்த இடறல் வராது.

அடுத்து வருகிறது பொத்தான். ‘தயவுசெய்து இந்தப் பொத்தானைக் கழற்றுங்கள். நன்றி, ஐயா.’ முதல் காட்சியில் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட்டவன், நாட்டையே விரல் நுனியால் கூறு போட்டவன், இப்போது பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரை ‘ஐயா’ என்கிறான். ஒரு பொத்தானுக்காக நன்றியும் சொல்கிறான். உலக இலக்கியத்தில் இதைவிடச் சாதாரணமான வாக்கியம் இதைவிடக் கனமாக விழுந்த இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது கையில் இருந்த கைடு, ‘லியர் துயரம் தாளாமல் இறக்கிறான்’ என்று ஒரே வரியில் கதையை முடித்திருந்தது. அதையே எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். நாடகத்துக்கு இரண்டு மூலப்பதிப்புகள் இருப்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

1608இல் குவார்ட்டோ என்ற சிறிய பதிப்பு. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல் ஃபோலியோ என்ற பெரிய தொகுப்பு. குவார்ட்டோவில் ‘நெவர்’ மூன்று முறைதான் வருகிறது. பொத்தானுக்குப் பிறகு லியரிடமிருந்து நான்கு முனகல்கள். மயங்குகிறான். ‘இதயமே, உடைந்து போ’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறக்கிறான். ஃபோலியோவில் அந்தக் கடைசி வரி அவனுடையதே அல்ல. அவன் இறந்தபின், அவனுக்கு விசுவாசமான பிரபு கென்ட் சொல்வது. லியர் வேறொன்று சொல்கிறான்: ‘இது தெரிகிறதா? இவளைப் பாருங்கள், இவள் உதடுகளைப் பாருங்கள், அங்கே பாருங்கள், அங்கே பாருங்கள்.’ அதோடு உயிர் போகிறது.

எதைப் பார்த்தான்? உதடு அசைந்ததாக நினைத்தானா? ஷேக்ஸ்பியர் விமர்சகர் ஏ.சி. பிராட்லி 1904இல் எழுதினார்: மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற தாங்க முடியாத மகிழ்ச்சியில்தான் லியர் சாகிறான், அதைக் காட்டாத நடிகர் மூலத்துக்குத் துரோகம் செய்கிறார் என்று. ஃபோலியோவை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. குவார்ட்டோவில் அந்த மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. பல காலம் பதிப்பாசிரியர்கள் இரண்டையும் கலந்து ஒரே நாடகமாக்கித் தந்தார்கள். 1986இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பு இரண்டையும் தனித்தனியே அச்சிட்டது. சரியான முடிவு என்பேன்.

இந்தக் காட்சியைத் தாங்க முடியாதவர்கள் அன்றும் இருந்தார்கள். 1681இல் நஹும் டேட் என்பவர் நாடகத்தைத் திருத்தி எழுதினார். கார்டீலியா பிழைத்து, நாடகத்தில் வரும் பிரபு மகன் எட்கரை மணக்கிறாள், லியருக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது, மூலத்தில் லியரோடு வரும் அரசவைக் கோமாளியைக் காணவே காணோம். இங்கிலாந்து மேடைகளில் ஒன்றரை நூற்றாண்டு கோலோச்சியது இந்த லியர்தான். டேட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஷேக்ஸ்பியருக்கு முன்பே 1605இல் அச்சான பழைய நாடகத்திலும் மகள் சாகவில்லை, அரசன் நாட்டைத் திரும்பப் பெறுகிறான். கதையை உடைத்தவர் ஷேக்ஸ்பியர்தான். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த விமர்சகர் சாமுவேல் ஜான்சன், கார்டீலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில், பதிப்பாசிரியராக உட்காரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படித்தேனோ என்னவோ என்று 1765இல் எழுதினார். விமர்சகருக்கும் வாசகருக்கும் நடுவே சுவர் இல்லாத காலம் அது.

ஒருமுறை வகுப்பில் இந்தக் காட்சியை நடித்துப் பார்த்தோம். விடுதி மாணவன் ஒருவன் கொண்டுவந்த சுருட்டிய போர்வைதான் கார்டீலியா. சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார்கள். பொத்தான் வரி வந்தது. கென்ட்டாக நின்ற மாணவன் குனிந்தான், அப்படியே நின்றுவிட்டான். “யாருடைய பொத்தான் சார்?”

மூலத்தில் அதற்குப் பதில் இல்லை. மூச்சுத் திணறும் லியரின் கழுத்துப் பொத்தானாக இருக்கலாம். மகளுக்குக் காற்றுப் படட்டும் என்று அவளுடைய உடையைக் காட்டுகிறான் என்றும் கொள்ளலாம். நீயே முடிவு செய் என்றேன்.

போர்வையைப் பார்த்தான். பிறகு லியரின் சட்டைக் காலரில் கைவைத்தான். பொத்தான் இறுக்கம், விரல் இரண்டு முறை வழுக்கியது. அத்தனை நேரமும் லியர் முழங்காலிட்டு, தலையை லேசாக உயர்த்திக் காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அரை நிமிடமாவது ஆகியிருக்கும், பொத்தான் கழன்றது. குரலே இல்லாமல் ‘நன்றி, ஐயா’ என்றான்.

புத்தகத்தில் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு முற்றுப்புள்ளி.

வணக்கம்.