சத்தம் கடைசியில் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் காரில் சைலன்சர் மாற்றுவது, வளைவில் வண்டி நன்றாகப் பிடித்து ஓட என்னென்ன செய்யலாம் என்பது பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வருகிற நம் பிள்ளைகள் இப்போது நல்ல நல்ல வண்டிகளில் வருகிறார்கள். போலோ ஜி.டி., ஐ20 என் லைன், எப்போதாவது ஒரு மஸ்டாங். பட்டறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் முதல் பேச்சு, “அண்ணே, சைலன்சரை மாத்தணும், சத்தம் கெத்தா வரணும்” என்பதுதான். “சரி தம்பி, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு நான் குனிந்து டயரைப் பார்ப்பேன். சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் டயரிலும் ஷாக் அப்சார்பரிலும் போட வேண்டும், சத்தம் கடைசியில் வரலாம் என்பது என் உறுதியான கருத்து.

வேகம் எடுப்பது, திரும்புவது, நிற்பது எல்லாமே நாலு டயர் வழியாகத்தான் நடக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. பெரிய வீட்டுக் கொட்டகையில் வண்டி மாதக்கணக்காக நிற்கும். டயரின் பட்டன், அதாவது ரோட்டில் பதிகிற ரப்பர் மேடு, தேயாமல் புதுசு போலவே இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருப்பதைத் தேடிப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பி வேகமாக ஓட்டக் கூடாது. புது டயர் போட்டு, வண்டி ஓடாமல் ஆறி நிற்கும்போது காற்றழுத்தம் சரிபார்த்து, வீல் அலைன்மென்டும் செய்தபிறகு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே திருப்தியாகிவிடுகிறார்கள்.

அடுத்தது சஸ்பென்ஷன். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. சக்கரம் ஒரு பள்ளத்தில் முழுக்கக் கீழே இறங்கும்போது, வெட்டின ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகிவிடவும் கூடும். இன்னொன்று, முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கிற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கைகளின் கோணம் மாறி, வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். தாழ்த்தினது எதற்கு என்றே ஆகிவிடும். ஸ்பீடு பிரேக்கருக்கு, சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லியிருக்கிற அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள், பல இடத்தில் அதைவிடக் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். வண்டியின் உயரத்தை அதற்குத் தக்கபடிதான் முடிவு செய்ய வேண்டும்.

சாய்வைக் குறைக்க எனக்குப் பிடித்த வழி ஸ்டெபிலைசர் பார். அது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பிதான். ஆனால் கம்பியின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு நிறையக் கூடும், விட்டத்தின் நாலாம் மடிக்குத் தக்கபடி. 20 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 22 போட்டால் 46 சதவீதம் விறைப்பு ஏறிவிடுகிறது. வெறும் 2 மில்லிமீட்டர்! அதனால்தான் பின்னால் மட்டும் தடித்த பார் போடுகிறவர்களை நான் தடுக்கிறேன். மஸ்டாங் பின்சக்கரங்கள் தள்ளி ஓடுகிற வண்டி. மழை பெய்தால் நம் செம்மண் கரைந்து ரோட்டுக்கு வந்துவிடும். அந்த வழுக்கலில் பின்பக்கம் விறைத்த வண்டியின் வால் சட்டென்று வீசும். முன்னும் பின்னும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இப்போது சைலன்சருக்கு வருகிறேன். இன்ஜினில் இருந்து, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு, அப்புறம் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிறகு முழக்கத்தைக் குறைக்கும் ரெசோனேட்டர், கடைசியில் சைலன்சர். மாற்றுவதாக இருந்தால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றுங்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அங்கேதான் மாற்றி அனுப்புகிறது. அதைக் கழற்றி வெறும் குழாய் வைத்தால் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து டேஷ்போர்டில் விளக்கை எரியவிடும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நம் தெருக்காரர்கள். இந்த வேலையை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை.

பின்பகுதியை மட்டும் மாற்றினால் சக்தி எவ்வளவு கூடும்? டர்போ இல்லாத இன்ஜினில் சில குதிரைசக்திதான். குழாயைப் பெரிதாக்கினால் சக்தி கூடும் என்று நினைத்து அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறையும், கீழ் ஆர்.பி.எம்.மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குக் குறைவான சுற்று சுற்றும்போது, இழுவை போய்விடும். அதனால் இந்த மாற்றம் உண்மையில் காதுக்காகச் செய்வது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8, அதாவது பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின், போடும் சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்து நாலு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. இன்ஜினின் கிராங்க் தண்டு சுழலும் கணக்கில் 90, 180, 270, 180 டிகிரி என்று மாறி மாறி வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய். அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு அந்தக் கடகடப்பாகக் கேட்கிறது. இரண்டு குழாயையும் குறுக்கே ஒரு சின்னக் குழாயால் இணைத்தால் கடகடப்பு அப்படியே இருக்கும். எக்ஸ் வடிவில் கலந்துவிட்டால் துடிப்புகள் சமமாகி, சத்தம் மெல்லிசாக, கூர்மையாக ஏறும். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது உள்ளே கேட்கும் முழக்கம். வி8 இன்ஜின் ஒரு சுற்றுக்கு நாலு தடவை வெடிக்கிறது. 1,800 ஆர்.பி.எம்.மில் அது வினாடிக்கு 120. டாப் கியரில் நிதானமாகப் போகும்போது ஏறக்குறைய இந்த ஆர்.பி.எம்.மில்தான் இன்ஜின் இருக்கும். ரெசோனேட்டர் இல்லாத மலிவுக் குழாயைப் போட்டுக்கொண்டு மதுரை போய்ச் சேரும்வரை அந்த முழக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பக்கத்தில் இருக்கிற ஆச்சி பேசுவது காதில் விழாது. வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதே சைலன்சர் போட்ட வண்டியில் ஏறி நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள்.

உலோகம் முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் ஆவியாக வெளியே போய்விடும். வீட்டில் இருந்து கோயில், கோயிலில் இருந்து வீடு என்று ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் நின்றுவிடும், தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். அரிப்பை ஆராய்வதற்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியிலேயே 1953இல் இருந்து இயங்குகிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு சாதா இரும்புக் குழாய் வாங்க வேண்டாம். 304 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். அதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்.

மாட்டும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய காஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். எல்லா இணைப்பையும் தளர்வாக மாட்டி, பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ் எதிலும் உரசாமல் நேர்படுத்தி, முன்னால் இருந்து பின்னால் வரை முறுக்கிக்கொண்டே வர வேண்டும். கசிவு இருந்தால் புகை வண்டிக்குள் வரும். அது உயிருக்கு ஆபத்து.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று வந்தது. இரைச்சல் அளவை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

நம் ஊர்த் தெருக்களுக்கு ஒரு தன்மை இருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இரண்டு பக்கமும் உயரமான சுவர், சத்தம் வெளியேற வழியில்லாமல் மோதி மோதித் திரும்பும். அந்த வீடுகள் பலவற்றில் வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் ஊருக்குள் வருகிற தம்பிகளே, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு மெதுவாக வாருங்கள்.

முழு வேகத்தையும் முழு சத்தத்தையும் அனுபவிக்க ஆசை இருந்தால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம், பெடல் தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெரிய செலவில்லை, எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.