பாறைக்குள் பாயும் ரேடார்

நேயர்களுக்கு வணக்கம். எண்ணெய் வயலில் ஒரு கிணற்றின் வழியே செலுத்தும் நீர், பாறையின் நுண்துளைகளிலுள்ள எண்ணெயை அடுத்த கிணற்றை நோக்கித் தள்ளிச் செல்ல வேண்டும். அது பாதி வழியில் தடைபட்டு நிற்பதற்கு, ஒரு முழத்துக்கும் குறைவான பருமனுடைய களிப்பாறை அடுக்கு ஒன்றே காரணமாகிவிடலாம்.

நில அதிர்வு அலைகளால் அந்த அடுக்கைக் காண்பது அரிது. விநாடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் செல்லும் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டர் அளவுக்குக் குறைந்த பருமனை அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. துளைக்கிணற்றிலோ அடுக்கு தென்படும். ஆனால் அது பக்கவாட்டில் பத்து மீட்டர் நீள்கிறதா, ஐந்நூறு மீட்டர் நீள்கிறதா என்பது தெரியாது.

அதனால்தான் அதே வகைப் படிவு தரைக்கு மேலே தெரியும் இடங்களைத் தேடிச் செல்கிறோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஃபெரான் மணற்பாறை அத்தகையது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் கழிமுகங்களும் படியவைத்தது. செங்குத்துப் பாறைமுகம் ஒரு பக்கத் தோற்றத்தையே காட்டும். அதற்குப் பின்னால் இருப்பதை அறிய, டாலஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரைக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்யும் ரேடார் ஆன்டெனாவை மேற்பரப்பில் நெருக்கமான கோடுகளில் நகர்த்தி, முப்பரிமாணப் படம் எடுத்தார்கள்.

உலர்ந்த மணற்பாறைக்குள் ரேடார் அலை ஒரு நானோ விநாடியில் சுமார் 12 சென்டிமீட்டர் செல்லும். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.2 மீட்டர், ஆகவே 30 சென்டிமீட்டர் அளவிலான அடுக்குகளையும் பிரித்தறியலாம். ஆழம் மட்டும் பத்துப் பதினைந்து மீட்டரோடு நின்றுவிடும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்றுண்டு. நாம் தேடும் களிதான் ரேடாருக்கும் பகை. களி மின்சாரத்தைக் கடத்துவதால் அலையின் ஆற்றலை விழுங்கிவிடுகிறது. மேலே தடித்த களி மண் மூடியிருந்தால் கீழே எதுவும் தெரியாது. மண் அரித்துப்போய், மணற்பாறையே தரையாகக் கிடக்கும் வறண்ட யூட்டா இந்த ஆய்வுக்கு வாய்த்தது அதனால்தான்.

ரேடார் படத்தில் தெரியும் கோடு ஒவ்வொன்றும் களியடுக்குதான் என்று கொள்வதும் தவறு. ஈரப்பத மாற்றமும் அலையைத் திருப்பி அனுப்பும். ஆகவே பாறைமுகத்துக்குப் பின்னால் துளையிட்டு, பாறைத் தண்டுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். வெயிலும் மழையும் பட்ட பாறையின் ஊடுபுகுதிறன் (திரவத்தைத் தன்னூடே செல்லவிடும் திறன்) அளவுகளை, கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் புதைந்திருக்கும் எண்ணெய்ப் பாறைக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்பதில்லை. களியடுக்குகளின் நீளம், சாய்வு, அவற்றுக்கிடையே உள்ள தொலைவு ஆகியவற்றையே எண்ணெய் ஓட்டக் கணிப்பு மாதிரிகளுக்கு எடுத்துச் செல்லலாம்.