ஓட்டையை அடைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குழாய் எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். காற்று, குளிர்ச்சி, வெந்நீர் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் காற்றைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வீட்டில் இதை வைத்தே கேலி செய்வார்கள்.

வண்டி வாங்கிய முதல் வருஷம். நல்ல குளிர் இரவு. அடுப்பு மேடைக்குக் கீழே, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை, மேலே கம்பி வலை. அதிலிருந்து சில்லென்று காற்று காலில் அடிக்கிறது. வண்டி கட்டியவர்கள் மூட மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, ஒரு பழைய துண்டைச் சுருட்டித் திணித்தேன். கூரையிலும் மூடவே முடியாத ஒரு திறப்பு. அதற்கு அட்டையை வெட்டி டேப் ஒட்டினேன். பெருமை வேறு!

காலையில் எனக்கும் மனைவிக்கும் தலைவலி. கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் ஈரம். கூரை ஒழுகுகிறது என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஏறிய பிறகுதான் உறைத்தது, ராத்திரி மழையே பெய்யவில்லை.

எல்லாம் எங்கள் மூச்சு. இரண்டு பேர் ஓர் இரவில் விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளருக்கு மேலேயே தண்ணீர் இருக்கும். போக வழியில்லாவிட்டால் அது குளிர்ந்த இடமாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் வண்டியைப் பார்க்க வந்த வயதான மெக்கானிக், அந்தத் துண்டை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு, “இது என்ன சார்?” என்றார். “குளிருக்கு...” என்று இழுத்தேன். “சரி, கேஸ் கசிந்தால் எந்த வழியாகப் போகும்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. துண்டைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். தரை ஓட்டை அதற்காக. மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் சூடாக மேலே ஏறும். கூரைத் திறப்பு அதற்காக. கேஸ் கசிந்தால் மூக்குக்காவது தெரியும், அதற்கென்றே வாசனை சேர்த்திருக்கிறார்கள். காற்றுப் போதாமல் அடுப்பு எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். எங்கள் நல்ல காலம், அன்று இரவு அடுப்பு எரியவில்லை, தலைவலியோடு போயிற்று. அடுப்பை மூட்டிக் குளிர்காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவையுங்கள். ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூரை விசிறி இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் விசிறி தன் பக்கத்து ஜன்னல் காற்றை மட்டும் இழுத்து அப்படியே வெளியே தள்ளும், படுக்கைப் பக்கம் ஓர் இலைகூட அசையாது. விசிறிக்குத் தூரமாக, நிழல் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து, மற்றதை மூடுங்கள். காற்று வண்டி நீளத்துக்கும் நடந்து போகும். அதற்காக எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டு விசிறியை முழு வேகத்தில் ஓடவிடவும் கூடாது. கேஸ் ஹீட்டர் வெளியே விடும் புகையையே அது உள்ளே இழுத்துவிடக்கூடும்.

ஃபிரிட்ஜுக்கு வருவோம். பல வண்டிகளில் இருப்பது கேஸிலும் ஓடும் ஃபிரிட்ஜ். 1922-இல் ஸ்வீடனில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. அதில் மோட்டாரே கிடையாது. நெருப்பு மூட்டிக் குளிர வைக்கிறார்கள்! சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும், பின்பக்கம் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகி, தன் எடையாலேயே கீழே இறங்கி, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு மறுபடி ஆவியாகும். பம்பு தள்ளுவதில்லை, அதனால் வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுபோகும். ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி சமமாக நிற்கிறதா என்றுதான். உள்ளே ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது, வெளிச் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு கம்பித் தடுப்பு இருக்கும். கீழே குளிர் காற்று நுழைந்து, மேலே சூடு வெளியேறும். பார்த்தீர்களா, அதுவும் ஓட்டைதான்! பெட்ரோல் போட நிறுத்துமுன் இந்த நெருப்பை அணைக்க மறக்காதீர்கள். கிளம்பும் முந்தின நாளே ஃபிரிட்ஜைப் போட்டுக் குளிர வைத்துவிடுவதும் நல்லது.

ஏசியைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை ஏசி ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 1200 வாட்-மணிதான், பழைய ஈயப் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் கதை முடிந்தது. நிழலில் நிறுத்துவதற்குக் காசு கிடையாது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று விரலைக் காட்டுகிறார்கள். வெந்நீர் பாக்கி இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஹீட்டரைப் போடாதீர்கள். முதலில் பம்பைப் போட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். புஸ் புஸ் என்று காற்று வரும், பொறுங்கள். தண்ணீர் சீராக விழ ஆரம்பித்ததும் குழாயை மூடிவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். பத்து லிட்டரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர கால் யூனிட்டுக்கு மேலேயே மின்சாரம் போகும், அதனால் பேட்டரியை நம்பவேண்டாம், கேஸ்தான். குளிர்காலத்தில் ஒரு காலையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டிக் கிடந்தால் பதறாதீர்கள். சில ஹீட்டர்களில், உறைகிற அளவுக்குக் குளிர் நெருங்கினால் ஒரு வால்வு தானே திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். தொட்டி வெடிக்காமல் இருக்கத்தான். ஒழுகுகிறது என்று அந்த வால்விலும் துணியைச் சுற்றிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.