ஜிமேட்டுக்குப் படிக்க நேரம் எங்கே இருக்கு?

(காட்சி: சமையலறைச் சுவரில் தொங்கும் பெரிய குதிரைக் காலண்டர்)

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்லேருந்து பேசறேன். ஜிமேட், அதான் எம்பிஏ மாதிரி மேலாண்மைப் படிப்புல சேர எழுதுற சோதனை, அதை எழுதப் போற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?"

முதல் தடவை நான் மூணு மணி நேரம்னு எழுதி ஒட்டினேன். பகல்ல செம்பனை ஆலை ஆபீஸ்ல கணக்கு வேலை. வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டு உக்காரவே எட்டரை. ரெண்டாவது வாரம் கோயில் திருவிழா வந்துச்சு. தாள் சுவத்துலயேதான் இருந்துச்சு, நான்தான் அந்தப் பக்கம் பாக்குறதில்ல.

அதனால இந்தக் காலண்டரைப் பின்னாலேருந்து பிடிங்க. நீங்க சேரப் போற படிப்புக்கு விண்ணப்பம் மூடுற தேதிக்கு வட்டம் போடுங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி சோதனை. ஏன்னா, மார்க் போதலைன்னா 16 நாள் கழிச்சுத்தான் மறுபடி எழுத முடியும். அப்புறம் தீபாவளி, சொந்தக்காரங்க கல்யாணம், மாசக் கடைசி கணக்கு, எல்லாத்தையும் இப்பவே அடிச்சிடுங்க. மிச்சக் கட்டத்தை எண்ணுனா வயித்தைக் கலக்கும். கலக்கட்டும், உண்மையான கணக்கு அதுதான்.

கட்டத்துக்குள்ள 45 நிமிஷம்னு எழுதுங்க. சோதனையே அப்படித்தான்: மூணு பகுதி, ஒவ்வொண்ணும் 45 நிமிஷம். குவாண்ட்ல, அதாவது கணக்குல, 21 கேள்வி; வெர்பல்ல, அதாவது ஆங்கில வாசிப்பும் தர்க்கமும், 23; டேட்டா இன்சைட்ஸ்ல, அதாவது அட்டவணை, வரைபடத்தைப் பாத்து விடை சொல்றது, 20. குவாண்ட்ல கால்குலேட்டர் கிடையாது. நாள் முழுக்க கால்குலேட்டரைத் தட்டுற எனக்கு 17ஆம் வாய்ப்பாடே மறந்து போயிருந்துச்சு.

(காட்சி: 555 புத்தகம், பேனா)

இந்தக் குட்டிப் புத்தகம் தெரியுமில்ல? மளிகைக் கடையில கடன் எழுதுறது. நான் தப்பை எழுதுறேன். இந்தப் பக்கத்தைப் பாருங்க: 100 ரிங்கிட் பொருளுக்கு 20 விழுக்காடு விலை ஏத்தி, அப்புறம் 20 விழுக்காடு குறைச்சா எவ்வளவு? நான் 100னு போட்டேன். 120ல 20 விழுக்காடு 24, அப்போ 96. பக்கத்துல காரணம்: "அவசரம்". ஒரு வாரம் கழிச்சு, விடையைப் பாக்காம மறுபடி போட்டு சரியா வந்தாத்தான் கடன் அடைஞ்சதா கோடு அடிப்பேன்.

45 நிமிஷம் கேள்வி போட்டா, இந்தப் புத்தகத்துக்கும் 45 நிமிஷம் வேணும். ஒரே ராத்திரியில ரெண்டும் முடியலைன்னா மறுநாள் புதுக் கேள்வியைத் தொடாதீங்க, தப்பை மட்டும் பாருங்க. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

முழு மாதிரிச் சோதனை ஞாயித்துக்கிழமைக்கு. 2 மணி 15 நிமிஷம், நடுவுல 10 நிமிஷ ஓய்வு. அதிகாரபூர்வ மாதிரிச் சோதனை ரெண்டு இலவசமாக் கிடைக்குது. ஒண்ணை ஆரம்பத்துலயே எழுதிடுங்க, இன்னொண்ணை சோதனைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது. காலையில ஏழு மணிக்கே உக்காந்துடுங்க. பத்து மணிக்கு மேல எங்க லயத்துல யார் வீட்டு ரேடியோ பாடும்னு சொல்ல முடியாது.