நெஞ்சு கரிக்குதா? காரணம் ரசம் மட்டும் இல்லை

[காட்சி: இருட்டு அறை, கடிகாரத்தில் 11 மணி]

எட்டாம் மாதம். படுத்த அஞ்சாவது நிமிஷம் நெஞ்சு கரிக்கிறது. ராத்திரி சாப்பிட்ட ரசம் புளிப்பாகத் தொண்டை வரை எட்டிப்பார்க்கிறது. "குழந்தைக்கு முடி முளைக்குதும்மா, அதான்" என்கிறார் மாமியார். சிரிக்காதீர்கள், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

[காட்சி: மேஜை மேல் தண்ணீர் பாட்டில்]

இந்தப் பாட்டிலின் மூடியைப் பாதிதான் திருகியிருக்கிறேன். நிமிர்ந்து நிற்கும்வரை பிரச்சினை இல்லை. படுக்க வைத்தால்? ஒழுகுகிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்திலும் இப்படி ஒரு மூடி உண்டு. வளையம் போன்ற தசை. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். கர்ப்பப்பை முன்கூட்டியே இறுகாமல் தளர்த்தி வைப்பது அதன் வேலை. அங்கேயே நிற்காமல் இந்த வளையத்தையும் தளர்த்திவிடுகிறது. கடைசி மாதங்களில் கர்ப்பப்பை வேறு கீழேயிருந்து இரைப்பையை நெருக்கும்.

சரி, எப்படிப் படுப்பது? இடப்பக்கமாக. அப்படிப் படுத்தால் இரைப்பையில் உள்ள அமிலம் அந்த வாயிலுக்குக் கீழே தங்கும். வலப்பக்கம் திரும்பினால் நேர்மாறு. சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

[காட்சி: சிவப்பு மாத்திரை அட்டை]

அதே ஹார்மோன் குடலையும் மந்தமாக்கும். சக்கை மெதுவாக நகர, பெருங்குடல் கூடுதலாகத் தண்ணீரை உறிஞ்ச, மலம் இறுகிவிடும். போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரை. அது மலச்சிக்கலைக் கூட்டலாம், மலத்தையும் கறுப்பாக்கும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்; நர்ஸிடம் சொல்லுங்கள். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

ஒன்றை மட்டும் "கேஸ்தான்" என்று தள்ளிப்போடாதீர்கள். வலப்பக்க விலாவுக்குக் கீழே கடும் வலி, விடாத தலைவலி, கண் மங்கல் வந்தால் ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

[காட்சி: தலை நிறைய முடியோடு பச்சைக் குழந்தை]

இப்போது முடிக் கதை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். ஓரளவோ கடுமையாகவோ நெஞ்சு கரித்த 28 பேரில் 23 பேருக்குப் பிறந்த குழந்தைகளுக்குச் சராசரியோ அதற்கு மேலோ முடி! முடி போய் வயிற்றில் உரசவில்லை. தசையைத் தளர்த்தும் ஹார்மோன்களே முடி வளர்ச்சியிலும் கை வைக்கலாம் என்பது அவர்கள் ஊகம். சின்ன ஆய்வுதான். ஆனாலும் இந்த ரவுண்டு மாமியாருக்கே.