டிசியின் 'நியூ 52': ரசிகர்களின் கோபம் எதன் மேல்?

வணக்கம் நண்பர்களே. 'அப்சல்யூட் பேட்மேன்' வீடியோவுக்குக் கீழே பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். சூப்பர்மேன், பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் எதையாவது முதல் இதழிலிருந்து புதிதாக ஆரம்பித்தால் பழைய வாசகர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? அந்தப் பதற்றம் பெரும்பாலும் 2011இல் 'நியூ 52' என்ற பெயரில் டிசி எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியபோது வந்தது. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். 2011 மே 31 அன்று டிசி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஓடிக்கொண்டிருந்த சூப்பர் ஹீரோ தொடர்கள் எல்லாம் அந்தக் கோடையோடு முடியும், அதற்குப் பிறகு 52 தொடர்கள் வரும், ஒவ்வொன்றும் முதல் இதழிலிருந்து தொடங்கும் என்றார்கள். சூப்பர்மேன் பிறந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' 1938இல் ஆரம்பித்து 904ஆம் இதழுக்கு வந்திருந்தது. அதற்கும் ஒரு வருடம் மூத்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 881இல் நின்றது. இரண்டுமே மறுபடி ஒன்று. ஆயிரத்தை எட்டிப் பார்க்கக் காத்திருந்த வாசகர்களுக்கு அதுவே முதல் அடி.

கதைக்குள் இதற்கு ஒரு காரணமும் வைத்தார்கள். ஃப்ளாஷாக இருக்கும் பாரி ஆலன் தன் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கி ஓடுகிறார். உலகமே தலைகீழாகிறது. அவர் அதைச் சரிசெய்யும்போது பழைய உலகம் திரும்பி வராமல் வேறொன்று வந்துவிடுகிறது. அந்த 'ஃப்ளாஷ்பாயின்ட்' தொடரின் கடைசி இதழும், ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜிம் லீ வரைந்த 'ஜஸ்டிஸ் லீக்' முதல் இதழும் ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாக வந்தன. நியூயார்க்கில் நள்ளிரவில் கடையைத் திறந்து விற்றார்கள். அந்த இருவருமே அங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

டிசி சொன்ன காரணத்தை நான் இன்றும் ஏற்கிறேன். விற்பனை இறங்கிக்கொண்டே இருந்தது. புதிதாக ஒருவர் கடைக்குள் வந்து "சூப்பர்மேனை எங்கேயிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால் நேரான பதில் இல்லை. அதோடு ஒரு நல்ல காரியமும் செய்தார்கள்: அச்சில் வரும் அதே நாளில் டிஜிட்டலிலும் இதழ் கிடைக்கும் என்றார்கள். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்குப் பக்கத்தில் வசிக்காத எல்லோருக்கும், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது பெரிய கதவு.

விற்பனையும் எகிறியது. 'ஜஸ்டிஸ் லீக்' முதல் இதழுக்குக் கடைகள் கொடுத்த ஆர்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டிசி மார்வெலை முந்தியது. காமிக்ஸை விட்டே போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். 'அனிமல் மேன்' என்று ஒரு ஹீரோ இருப்பதே தெரியாதவர்கள் ஜெஃப் லெமீர் எழுதிய அந்தத் தொடரைத் தேடி அலைந்தார்கள். ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் சேர்ந்து செய்த 'பேட்மேன்', பிரையன் அசரெல்லோவும் கிளிஃப் சியாங்கும் செய்த 'வொண்டர் வுமன்', இரண்டுமே இன்றும் யாருக்கும் தயங்காமல் எடுத்துக் கொடுக்கலாம். எனவே 'நியூ 52' முழுக்க மோசம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியென்றால் கோபம் எங்கேயிருந்து வந்தது? சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டி போய்விட்டது, உடையின் கழுத்தில் காலர் வந்துவிட்டது என்று ஒரு கூட்டம் கத்தியது உண்மைதான். பத்திரிகைகளும் அதைத்தான் பெரிதாக எழுதின. ஆனால் அந்த மாதங்களில் வாசகர்கள் பேசியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள், உடை ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. அவர்களை உறுத்தியது வேறு. டிசி எல்லாவற்றையும் அழித்திருந்தால் ஒரு வகை. எதையும் அழிக்காமல் வெறும் எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் இன்னொரு வகை. இவர்கள் பாதியை அழித்தார்கள்.

பேட்மேன் அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்தார், கிரீன் லாண்டர்னும் அப்படியே. அதனால் அந்த இருவரின் பழைய கதைகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. ஜெஃப் ஜான்ஸ் முன்பு எழுதிய கிரீன் லாண்டர்ன் கதை இடைவெளியே இல்லாததுபோலத் தொடர்ந்தது. ஆனால் சூப்பர்மேனின் வாழ்க்கை கலைக்கப்பட்டது. 1996இல் நடந்த லோயிஸ் லேன் கல்யாணம் நடக்கவே இல்லை என்றானது. வாலி வெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரி ஆலன் 1985இல் இறந்த பிறகு (பின்னால் அவர் உயிரோடு திரும்பினார்) இருபது வருடத்துக்கு மேல் ஃப்ளாஷாக ஓடியவர் வாலிதான். ஒரு முழுத் தலைமுறைக்கு ஃப்ளாஷ் என்றாலே வாலிதான். அவர் எங்கேயும் இல்லை. பேட்கேர்ளாக இருந்த கசாண்ட்ரா கெயினும் ஸ்டெஃபனி பிரவுனும் இல்லை.

வீட்டு விசேஷத்துக்குச் சில சொந்தங்களுக்கு மட்டும் பத்திரிகை வைத்துவிட்டு மற்றவர்களைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும்? அந்த மனவருத்தம்தான் இது. எந்தக் கதைக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று ஒரு வரிசை போட்டு எல்லோர் கண்முன்னும் வைத்துவிட்டார்கள். தான் வளர்ந்த கதை அந்த வரிசையில் இல்லை என்று தெரிந்த வாசகர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

இதில் கணக்கும் உதைத்தது. இந்தப் புதிய உலகத்தில் சூப்பர் ஹீரோக்கள் வெளியே தெரிய வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது என்றார்கள். ஆனால் பேட்மேனின் பழைய கதைகள் செல்லும் என்றால் டிக் கிரேசன், ஜேசன் டாட், டிம் டிரேக், டேமியன் என்று வரிசையாக ராபின்கள், அதாவது பேட்மேனின் இளம் துணைவர்கள், அந்தச் சில வருடங்களுக்குள் வந்து போயிருக்க வேண்டும். டேமியன் பேட்மேனின் சொந்த மகன், பத்து வயதுப் பையன். ஒரு ராபின் பயிற்சி எடுக்கவே வருடங்கள் ஆகும் என்று படித்து வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். நுணுக்கம் பார்க்கிறார்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த நுணுக்கத்தை நம்பித்தான் டிசி இத்தனை வருடம் கதை விற்றது.

சரி, எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பார்பரா கோர்டன். போலீஸ் கமிஷனர் கோர்டனின் மகள், கசாண்ட்ராவுக்கும் ஸ்டெஃபனிக்கும் முன்பே பேட்கேர்ளாக இருந்தவள்.

1988இல் ஜோக்கர் அவளைச் சுட்டான். முதுகெலும்பு போனது, பேட்கேர்ள் கதை முடிந்தது. அது அவளுடைய கதையாகக்கூட எழுதப்படவில்லை. அவள் அப்பாவை உடைக்க அவளைச் சுட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வருடமே ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவர் மனைவி கிம் யேலும் அவளை 'ஆரக்கிள்' என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கணினி வழியாக உலகத்தின் எல்லா ஹீரோக்களுக்கும் தகவல் தருபவள். பேட்மேனே அவளிடம்தான் கேட்பார். இருபது வருடத்துக்கு மேல் அவள் அப்படியே இருந்தாள். இறந்தவர்கள் எல்லாம் உயிரோடு திரும்பும் உலகம் அது. அங்கே அவள் மட்டும் நாற்காலியில் தொடர்ந்தாள். தொடர்ந்தது மட்டும் இல்லை, முன்னைவிடப் பெரிய ஆளானாள்.

மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கு அவள் என்னவாக இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் அவர்களைப் போல ஒருவர், அதுவும் மையத்தில், அதுவும் பரிதாபத்துக்கு இல்லாமல். 'நியூ 52'இல் அவள் எழுந்து நடந்தாள், மறுபடி பேட்கேர்ள் ஆனாள். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் வாசகர்கள், அவர்களில் காமிக்ஸ் பற்றி எழுதும் பத்திரிகையாளரும் உண்டு, இது எங்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பேட்கேர்ளாக இருக்கக்கூடிய பெண்கள் கதையிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆரக்கிளாக இருக்க இன்னொருத்தி இல்லை.

இதை எழுதும் பொறுப்பு கெயில் சிமோனுக்கு வந்தது. ஆரக்கிளைப் பல வருடம் எழுதியவர் அவர், அவளை யாரைவிடவும் நேசித்தவர். அந்த நேசம் முதல் இதழிலேயே தெரியும். ஒருவன் துப்பாக்கியை நீட்டும்போது பார்பரா உறைந்துபோய் நிற்கிறாள். அந்தக் குண்டு அவள் உடம்பை விட்டுப் போனாலும் மனதை விட்டுப் போகவில்லை. தனக்கு மட்டும் ஏன் நடக்க முடிந்தது என்ற குற்றவுணர்வும் அவளுக்குள் இருக்கிறது. நல்ல எழுத்து. இழப்பும் உண்மை, எழுத்தும் நல்ல எழுத்து. இரண்டையும் சேர்த்தேதான் என்னால் பார்க்க முடிகிறது.

இதன் தொடர்ச்சியைக் கேளுங்கள். 2012 டிசம்பரில் அதே கெயில் சிமோனை அந்தத் தொடரிலிருந்து நீக்கினார்கள், அதுவும் மின்னஞ்சலில். ரசிகர்கள் விடவில்லை. அந்தத் தொடரை வேண்டாம் என்றிருந்தவர்களிலும் பலர் அவருக்காகப் பேசினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் டிசி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

வாசகர் குரலுக்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 2011 ஜூலையில் சான் டியாகோ காமிக்கான் என்ற காமிக்ஸ் ரசிகர் மாநாட்டில், அதாவது இதழ்கள் வருவதற்கு முன்பே, ஸ்டெஃபனி பிரவுனின் பேட்கேர்ள் உடையில் வந்த ஒரு பெண் டிசியின் மேடை ஒவ்வொன்றிலும் எழுந்து கேள்வி கேட்டார். பெண் கதாபாத்திரங்கள் எங்கே? இன்னொரு வாசகர் எழுந்து, இந்த 52 தொடர்களில் பெண் எழுத்தாளர்களும் ஓவியர்களும் ஏன் இவ்வளவு குறைந்துபோனார்கள் என்று கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. சில நாளில் டிசி அறிக்கை வெளியிட்டு, உங்கள் குரல் கேட்கிறது, பெண் படைப்பாளிகளுடன் வரும் புதிய திட்டங்களை அறிவிப்போம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் செப்டம்பரில் இதழ்கள் வந்ததும் பயந்தது நடந்தது. 'ரெட் ஹூட் அண்ட் தி அவுட்லாஸ்' முதல் இதழில் ஸ்டார்ஃபயரை வரைந்த விதமும் எழுதிய விதமும். 'டீன் டைட்டன்ஸ்' கார்ட்டூனில் குழந்தைகள் ரசித்த, மனசெல்லாம் அன்பாக இருக்கும் அதே ஸ்டார்ஃபயர் இங்கே ஆண்களின் பெயரைக்கூட நினைவில் வைக்காத, பிகினியில் நிற்கும் ஒரு உருவமாக மட்டும் இருந்தாள். ஒரு அம்மா தன் ஏழு வயது மகளிடம் இந்தப் புதிய ஸ்டார்ஃபயரைப் பற்றிக் கேட்டு, குழந்தை சொன்னதை அப்படியே எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. அந்தக் குழந்தைக்கு வருத்தம், கார்ட்டூனில் பார்த்தவள் மற்றவர்களுக்கு உதவுவாள், இவள் அப்படி இல்லை என்று. இதற்கு மேல் ஒரு விமர்சனம் எனக்குத் தேவைப்படவில்லை.

உள்ளேயும் நிலைமை சரியில்லை. 'சூப்பர்மேன்' தொடரை எழுதிய ஜார்ஜ் பெரெஸ் ஆறு இதழோடு விலகினார். ஆசிரியர் குழு அடிக்கடி மாற்றச் சொல்கிறது, பக்கத்துத் தொடரில் என்ன நடக்கிறதென்று சொல்ல ஆளில்லை என்று பின்னால் பேசினார். பெரெஸ் மாதிரி ஒரு மூத்த கலைஞருக்கே அந்த நிலை. 2012 ஜனவரியில் ஆறு தொடர்களை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதில் கறுப்பின ஹீரோக்கள் மையமாக இருந்த 'ஸ்டேட்டிக் ஷாக்', 'மிஸ்டர் டெரிஃபிக்' இரண்டும் அடக்கம். அவற்றுக்கு ஒரு வருடம்கூடக் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்னமும் ஆற்றாமை உண்டு.

அப்புறம் 2016 மே மாதம். 'டிசி யூனிவர்ஸ்: ரீபர்த்' இதழ். எண்பது பக்கம், எழுதியவர் அதே ஜெஃப் ஜான்ஸ். கதை சொல்பவர் யார் தெரியுமா? வாலி வெஸ்ட். காலத்துக்கு வெளியே சிக்கிக்கொண்டு, தன்னை யாராவது நினைவுவைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். காதலித்த லிண்டாவுக்கே அவனைத் தெரியவில்லை. கரைந்துபோகப்போகும் நேரத்தில் பாரி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்கிறார். எனக்கு அழுகை வந்த பக்கம் அது, மறுபடி படித்தாலும் வரும். அதே கதையில், யாரோ இந்த உலகத்திலிருந்து பத்து வருடங்களைத் திருடிவிட்டார்கள், அதோடு மனிதர்களுக்கு இடையே இருந்த அன்பும் போய்விட்டது என்கிறான் வாலி. 2011இலிருந்து வாசகர்கள் சொன்னது அதுதானே! டிசி அதை எடுத்துத் தன் ஹீரோவின் வாயிலேயே வைத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 'ஆக்ஷன் காமிக்ஸ்' பழைய கணக்கைத் தொடர்ந்து 957 என்று அட்டையில் போட்டது. லோயிஸைக் கல்யாணம் செய்த சூப்பர்மேன் தன் மகன் ஜானோடு முன்னுக்கு வந்தார். 2018 ஏப்ரலில் ஆயிரமாவது இதழும் வந்தது, அதில் சிவப்பு ஜட்டியும் திரும்பியது.

படிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் ஸ்னைடர்-கபுல்லோவின் 'கோர்ட் ஆஃப் அவுல்ஸ்' கதையை எடுங்கள், பிறகு 'அனிமல் மேன்', அதன் பின் கெயில் சிமோனின் 'பேட்கேர்ள்' முதல் தொகுப்பு. 'ரீபர்த்' இதழைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாலி யார் என்று தெரியாதவர்கள் அதற்கு முன் மார்க் வெய்ட் எழுதிய ஃப்ளாஷ் கதைகளில் இரண்டு மூன்றாவது படித்துவிடுங்கள், அப்போதுதான் அந்தப் பக்கம் உங்களையும் பிடித்து உலுக்கும். உங்களில் 2011லேயே இதை மாதாமாதம் படித்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், எந்தத் தொடரில் ஆரம்பித்தீர்கள், எந்த இதழோடு நிறுத்தினீர்கள் என்று. எல்லாவற்றையும் படிப்பேன். அடுத்த வீடியோ கசாண்ட்ரா கெயின் பற்றி.